புதுப்பிப்பு: நிதியாண்டின் நடுவில் 60 வயது, வருமான வரி எப்படி முடிந்தது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு 2026 பிப்ரவரியில் 60 முடிந்தது. மூத்த குடிமக்கள் சலுகை மீதி மாதங்களுக்கு மட்டுமா, முழு ஆண்டுக்குமா என்று கேட்டிருந்தேன்.

முழு ஆண்டுக்கும்தான். நிதியாண்டுக்குள் எந்த நாளில் 60 முடிந்தாலும் போதும் என்று ஒருவர் சொன்னது சரி. வரி கணக்கிட பழையது, புதியது என இரண்டு முறைகள்; ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய முறையில் வரியில்லா வரம்பு 2.5 லட்சத்திலிருந்து 3 லட்சமாகிறது. வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் மூத்தவர்களுக்கு வைப்புநிதி வட்டிக்கு 50,000 ரூபாய் வரை கழிவும் உண்டு.

ஆனால் கைகொடுத்தது இன்னொருவரின் யோசனை: "புதிய முறையிலும் போட்டுப் பாருங்கள்." அதில் வயதுச் சலுகையே கிடையாது, எல்லோருக்கும் 4 லட்சம்தான். இருந்தும் சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவு 75,000 போக அம்மாவின் சம்பளமும் வட்டியும் 12 லட்சத்துக்குள் அடங்கியதால், அந்த அளவு வரை வரியைத் தள்ளுபடி செய்யும் 87ஏ பிரிவில் வரி பூஜ்யம். பழைய முறையில் எல்லாச் சலுகையும் சேர்த்தும் நல்ல தொகை கட்ட வேண்டியிருந்தது.

எதிர்பாராதது வங்கியில். 60 வயதுக்குக் கீழ் என்றால் ஆண்டு வட்டி 50,000 தாண்டினாலே டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டி வரியைப் பிடித்துக்கொள்வது). மூத்தவர்களுக்கு 1 லட்சம். பிறந்தநாளுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை இருந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் முழுவதும் கணக்குக்குத் திரும்பிவிட்டது.

அப்புறம், ஏப்ரல் 1 அன்று பிறந்தவர்கள் கவனிக்கவும்: மார்ச் 31 அன்றே வயது நிறைவதாகக் கொள்ள வேண்டும் என்று 2016-இல் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரு நிதியாண்டு முன்னதாகவே சலுகை கிடைக்கும்.