மாண்டிசோரி வகுப்பும் பாட்டு, தமிழ், பி.டி. பீரியடும்: உங்கள் அனுபவம் என்ன?

ஒரு அம்மா

மகளுக்கு நாலரை வயது, மாண்டிசோரி பள்ளியில் படிக்கிறாள்; அங்கே பிள்ளைகள் கருவிகளைத் தாங்களே எடுத்து, தங்கள் வேகத்தில் வேலை செய்வார்கள். காலையில் மூன்று மணி நேரம் குறுக்கீடே இல்லாமல் பிள்ளைகள் தங்கள் வேலையில் இருப்பார்கள் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வந்திருக்கும் அட்டவணையில் பத்து மணிக்குப் பாட்டு, பதினொன்றுக்கு பி.டி., நடுவில் தமிழுக்குத் தனி வகுப்பு. ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். உலோகச் சட்டத்தை வைத்து ஒரு வடிவம் வரைந்து, உள்ளே நீலப் பென்சிலால் கோடு கோடாக நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதி கூட ஆகவில்லை, கை தட்டி எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தவள் அந்தத் தாளைத் தொடவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்காகப் பாட்டும் விளையாட்டும் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. உங்கள் பள்ளிகளில் எப்படி?

உடற்கல்வி ஆசிரியர்

வழக்கமான பள்ளியில் விசில் ஊதிப் பழகியவன் நான். மாண்டிசோரி அறைக்குள் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது தரையில் இருந்த நீள்வட்டக் கோடு. முன் காலின் குதிகால் பின் காலின் விரல் நுனியைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து அதன் மேல் நடக்க வேண்டும். அது கைவந்ததும் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய தம்ளரோடு, அப்புறம் சத்தமே வராமல் ஒரு மணியோடு. நீளத்தைப் பழக்கும் சிவப்புக் கோல்களில் நீளமானது ஒரு மீட்டர். மூன்று வயதுப் பிள்ளை அதை நட்டுக்குத்தலாகப் பிடித்து, யார் மேலும் இடிக்காமல் பாய் வரை கொண்டுபோகிறது. இதெல்லாம் உடற்பயிற்சி இல்லையா என்றால், ஆமாம், உடற்பயிற்சிதான். ஆனால் வியர்க்காது!

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. அறைக்குள் அது நடக்காது. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரிக்கும் இது தெரிந்திருந்தது. பிள்ளைகள் வேலிக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பக்கவாட்டில் நகர்வதைக் கவனித்துத்தான், அதே மாதிரி ஒரு சிறு வேலியை உடற்பயிற்சிக் கருவியாகச் செய்ய வைத்தார். எங்கள் பள்ளியில் பி.டி.யை அந்த மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தள்ளிவிட்டோம். காலையில் தோட்டத்துக் கதவு திறந்தே இருக்கும். ஓட வேண்டும்போல் இருக்கிற பிள்ளை ஓடிவிட்டு வரும். விசில் என் பையில் தூங்குகிறது.

இசை ஆசிரியை

மாண்டிசோரி அறையில் சுரம் பழக வைத்திருக்கும் இசை மணிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெள்ளையும் கறுப்புமாக 13 மணிகள் இடம் மாறாமல் நிற்கும். அதே 13 சுரங்களுக்குப் பழுப்பு நிறத்தில் இன்னொரு வரிசை. ஒன்றைத் தட்டிக் கேட்டுவிட்டு, பழுப்பு மணிகளில் அதன் ஜோடியைத் தேட வேண்டும். கண்ணுக்குப் பழுப்பு எல்லாம் ஒன்றுதான், காது மட்டும்தான் உதவும். கர்நாடக இசையின் பன்னிரண்டு சுரத்தானமும் மேல் ஷட்ஜமும் (மேல் ‘ச’) சேர்த்தால் 13, நம் கணக்குக்கும் கச்சிதமாக உட்காருகிறது. என் வகுப்பில் ஒரு பையன் கூட்டமாகப் பாடும்போது வாயே திறக்க மாட்டான். அவன்தான் ‘க’ சுரத்தைத் தட்டிவிட்டு, அடங்கும் வரை காத்திருந்து, அடுத்ததைத் தட்டி, உதட்டைப் பிதுக்கித் தள்ளி வைப்பான். கூட்டுப் பாட்டு பத்து நிமிடம் போதும், அதுவும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் முன். மற்ற நேரமெல்லாம் மூலையில் உட்கார்ந்திருப்பேன், வேண்டியவர்கள் வருவார்கள்.

தமிழ் கற்பிப்பவர்

அந்த வயதில் தமிழுக்குத் தனி பீரியட் தேவையே இல்லை என்பது என் கட்சி. உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவி ஒலியைச் சொல்வதும், பெட்டியிலிருந்து எழுத்தெடுத்துச் சொல் அடுக்குவதும் காலை வேலையோடு வேலையாக நடக்கட்டும். 247 எழுத்தையும் தனித்தனி அட்டையாக அடுக்கி வைக்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன், பெட்டியைத் திறந்ததுமே பிள்ளை மூடிவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம், கூடவே கொம்பு, கால் போன்ற குறிகள் போதும். ‘கொடி’ அடுக்கும்போது பாருங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’, அதனால் ‘க’வை வைக்கும். ‘ஒ’ பின்னால்தான் கேட்கிறது, ஆனால் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘க’வை வலப்பக்கம் நகர்த்தி, இடப்பக்கம் கொம்பைச் செருகி, வலப்பக்கம் துணைக்காலைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அந்த நேரத்தில் யாராவது கை தட்டினால் எனக்கே கோபம் வரும்.

ஒரு அப்பா

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் மகனுக்கு ஐந்தரை. நடன வகுப்புக்கு அவனே முந்திப் போய் நிற்கிறான், அதனால் அவன் வேலை எதுவும் கெட்டதாகத் தெரியவில்லை. சிறியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் போல. அட்டவணையைப் பற்றி நாங்கள் போய்க் கேட்டபோது தெரிந்தது இதுதான்: பாட்டு டீச்சர் நாலைந்து பள்ளிக்குப் போகிறவர், எங்கள் பள்ளிக்குக் கிடைத்ததே அந்தப் பத்து மணிதான். சகோதரி, உங்கள் பள்ளியிலும் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள். பி.டி.யை மாற்றுவது சுலபம், பாட்டை மாற்ற ஆள் கிடைக்க வேண்டும். அதுவரை பாதியில் இருக்கும் வேலையில் பெயர் அட்டையை வைத்துவிட்டுப் போக அனுமதியுங்கள் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒத்துக்கொண்டார்கள்.