ஸ்காலர்ஷிப் கிடைத்த பிறகு என்ன நடந்தது? அமெரிக்காவில் இளநிலை படித்தவர்கள் சொல்லுங்கள்

விண்ணப்பம் போடுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கைக்கு வந்த உதவித்தொகையை நான்கு வருடமும் தக்கவைத்துக்கொள்வது பற்றித்தான் பேச்சே இல்லை. முதலில் என் கதை.

எனக்குக் கிடைத்தது மதிப்பெண் அடிப்படையிலான விருது. கடிதத்தின் முதல் பக்கத்தில் தொகை, இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகள்: ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது, ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) முடிக்க வேண்டும். ஜிபிஏவை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்கு வினை கிரெடிட் வழியாக வந்தது. இரண்டாம் வருடம் நிமோனியா. வாரக்கணக்கில் வகுப்புக்குப் போக முடியாததால், ஆய்வகப் பாடத்தை விட்டுவிடும்படி பேராசிரியரே சொன்னார். விட்டேன். 13 கிரெடிட் 9 ஆனது. செமஸ்டர் முடிந்ததும் ஒற்றை வரியில் மின்னஞ்சல்: விருது புதுப்பிக்கப்படவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நிதியுதவி அலுவலகத்துக்கு நேரில் போனபோது கவுன்ட்டரில் இருந்த அம்மாதான் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். உருக்கமாக எழுத வேண்டாம், என்ன ஆயிற்று, எப்போது, இப்போது உடம்பு எப்படி, விட்ட பாடத்தை எப்போது முடிப்பாய், கமிட்டி அதைத்தான் பார்க்கும் என்றார். மருத்துவர் சான்று, ஆலோசகர் கடிதம், அடுத்த இரண்டு செமஸ்டருக்கான பாடத்திட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு செமஸ்டர் கண்காணிப்பு என்ற நிபந்தனையோடு விருது திரும்பி வந்தது.

—

உங்களுக்காவது நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு கையால் வந்ததை மறு கையால் எடுத்துக்கொண்டார்கள்.

நான் குடும்ப வருமான அடிப்படையில் உதவி வாங்கியவன். வெளியே ஒரு அறக்கட்டளை விருது கொடுத்தது, வீட்டில் ஒரே கொண்டாட்டம். அடுத்த பில்லைத் திறந்தால், பல்கலைக்கழகம் தன் மானியத்தில் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) அதே தொகையைக் குறைத்திருந்தது! அரசு உதவியும் கலந்திருந்தால் மொத்த உதவி, கணக்கிட்ட தேவையைத் தாண்டக் கூடாது என்பது விதி. சரி, அது புரிகிறது. ஆனால் மானியத்தில்தான் கை வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே! உதவியில் அடங்கிய கல்விக் கடன், வளாக வேலை ஆகியவற்றை முதலில் குறைக்கலாமா என்று எழுதிக் கேட்டேன். கடனைக் குறைத்துவிட்டு மானியத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அப்படியேதான் போயிருக்கும். மேரிலாந்து மாநிலம் 2017-லேயே அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிக் குறைப்பதற்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நான் படித்தது தனியார்.

—

வரியையும் மறந்துவிடாதீர்கள். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகும் தொகைக்கு வரி கிடையாது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்கில் வரும். முழு உதவித்தொகை வாங்கிய என் அறைத்தோழி வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஏப்ரல் மாதம்தான் இதைக் கேள்விப்பட்டாள், பாவம்.

—

பெரிய விருதுகளையே பேசிக்கொண்டிருக்கிறோம். என் துறை அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து நான் வாங்கியது சின்னத் தொகைதான். பழைய மாணவர் ஒருவரின் நன்கொடை. நிலவியலில் களப்பணி செய்யும் இளநிலை மாணவருக்கு மட்டும். நிபந்தனை இவ்வளவு குறுகலாக இருந்தால் போட்டிக்கு ஆளே இருக்காது. எங்கள் வகுப்பில் விண்ணப்பித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட விருதுகள் பல்கலைக்கழகத்தின் பொது இணையதளத்தில் பாதிக்கு மேல் இருக்காது என்பது என் அனுமானம். துறைச் செயலாளரைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், அது போய்ச் சேர்ந்தால்தான் எங்கள் துறையில் இரண்டாம் தவணையை விடுவிப்பார்கள். நான் எந்தப் பாறையைப் பற்றி ஆய்வு செய்தேன் என்று இரண்டு பத்தி எழுதினேன். அவர் பதில் போட்டு, மாதிரிகளை எங்கே எடுத்தாய் என்று கேட்டிருந்தார்.