ப்ளஸ் டூ வகுப்பில் பீரியடுக்கு மூன்று நிமிடம் எழுந்து நிற்க விடலாமா?

கொடுமுடி அம்மா:
என் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். காலை 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், பிறகு பள்ளி, 4.30க்கு மேல் மறுபடி ஸ்டடி, 7 முதல் 9 வரை டியூஷன். போன வாரம் ஒரு நாள் பஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். பதினோரு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறான். பி.இ.டி. பீரியட் ஜூலையோடு நின்றுவிட்டது. ராத்திரி வந்ததும் "முதுகு பிடிச்சிருக்கும்மா" என்று தரையில் நீட்டிப் படுத்துக்கொள்கிறான். பெற்றோர் கூட்டத்தில், ஒவ்வொரு பீரியட் முடிவிலும் மூன்று நிமிடம் எழுந்து கை கால் அசைக்க விடுங்கள் என்று கேட்டேன். "மார்க் குறைஞ்சா நீங்கதானே வந்து கேப்பீங்க" என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டது தப்பா?

கணக்கு வாத்தியார்:
தப்பில்லை அம்மா. ஆனால் நடக்காது. என் வகுப்பில் 52 பேர். 40 நிமிட பீரியட். மூன்று நிமிடம் என்று விட்டால் பெஞ்சை இழுத்து, பேச்சு அடங்கி, நோட்டைத் திறக்க ஏழு நிமிடம் ஆகும். எட்டு பீரியடுக்கு 56 நிமிடம், அதாவது தினம் ஒரு பீரியடுக்கும் மேல். தொகை நுண்கணிதத்தில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலையிலும் மதியமும் பத்துப் பத்து நிமிடம் இன்டர்வெல் இருக்கிறதே, அதில் நடக்கட்டும்.

பிசியோ மாணவி:
சார், இன்டர்வெல்லில் யாரால் நடக்க முடியும்? நான் படித்த பள்ளியில் 300 பெண்களுக்கு ஆறு கழிப்பறை. பத்து நிமிடமும் வரிசையிலேயே போய்விடும். அதனாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம். கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்கவே தனியாக மணி அடிக்க ஆரம்பித்தது சும்மா இல்லை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். காலில் இறங்கும் இரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அது சுருங்கி விரிந்தால்தான் அந்த வேலை நடக்கும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட்டு மணி நேரம் உட்கார வைத்துச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த நாளோடு ஒப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 58% குறைந்தது. மணிக்கு ஒரு நிமிடம் நடந்தபோதுகூட இரத்த அழுத்தம் இறங்கியது.

கணக்கு வாத்தியார்:
அந்த ஆய்வை நானும் படித்தேன் மேடம். கலந்துகொண்டவர்கள் பதினொரு பேர், எல்லாரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பதினேழு வயதுப் பையனுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியா? அதுவும் ஐந்து நிமிடம், அரை மணிக்கு ஒருமுறை. மணிக்கு ஒருமுறை நடந்தவர்களுக்குச் சர்க்கரையில் பலன் இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது.

பிசியோ மாணவி:
இரண்டும் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளை வைத்தே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் தினம் பத்து நிமிட அசைவைச் சேர்த்துப் பார்த்தார்கள், 2006இல் வெளிவந்தது. அசைவுக்குப் பிறகு பிள்ளைகள் பாடத்தில் கவனமாக இருந்த நேரம் கூடியது. மார்க் கூடும் என்று நான் சொல்லவில்லை. அடங்க ஏழு நிமிடம் ஆகும் என்கிறீர்களே, அதற்கு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

விசில்:
நான் உடற்கல்வி ஆசிரியர். எல்லாரும் என்மேல் கோபப்பட்டாலும் சரி, எனக்கு இந்த மூன்று நிமிடத் திட்டத்தைக் கண்டாலே பயம். "அதான் வகுப்பிலேயே எக்சர்சைஸ் செய்றாங்களே" என்று சொல்லி மிச்சமிருக்கும் பி.இ.டி. பீரியடையும் எடுத்துக்கொள்வார்கள். 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெஞ்சு ஓரத்தில் நின்று கையை உயர்த்துவது அந்தக் கணக்கில் வராது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் விவரங்களைச் சேர்த்து 2016இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்குக் கூடும் மரண அபாயம், தினம் 60 முதல் 75 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களிடம் காணப்படவில்லை. அம்மா, நீங்கள் மூன்று நிமிடம் கேட்காதீர்கள். மைதானத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கொடுமுடி அம்மா:
மைதானத்தைக் கேட்டால் அடுத்த நாளே கொடுத்துவிடுவார்களா சார்? அதுவரை என் பையன் உட்கார்ந்தே இருக்கணுமா?

ஹாஸ்டல் பையன்:
நான் இரண்டு வருடம் ஹாஸ்டலில் படித்தேன். ராத்திரி ஸ்டடியில் எழுந்தால் பெயர் எழுதிக்கொள்வார்கள். கால் மரத்துப்போய், மணி அடித்ததும் எழ முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. லீவில் வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் நடந்துகொண்டே படிப்பேன். அப்பாவும் அப்படித்தான் படித்தாராம். உயிரியலில் எனக்கு இன்றும் நினைவிருப்பது மாடியில் நடந்து படித்த பாடங்கள்தான். வாத்தியார் சார், உங்கள் கணக்கை நடுவில் நிறுத்த வேண்டாம். ஒரு கணக்கு முடிந்ததும் அடுத்ததை நின்றுகொண்டு போட விடுங்கள், ஸ்டடியில் நடந்து படிக்க விடுங்கள். தனியாக நேரமே ஒதுக்க வேண்டாம்.

கணக்கு வாத்தியார்:
தம்பி, இது நான் யோசிக்காத வழி. வாரத்தில் மூன்று நாள் எனக்குத் தொடர்ந்து இரண்டு பீரியட். முதல் பீரியட் முடிவில் எப்படியும் கரும்பலகையை அழிப்பேன். அந்த நேரத்தில் எழுப்பிவிடுகிறேன். எட்டு முறை மணி அடிப்பதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

விசில் சார் சொன்னது வேறு விதமாக உறுத்துகிறது. எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை ஐந்தாவது பீரியட் பி.இ.டி. அதை வாங்கி வைத்திருப்பது நான்தான். போர்ஷன் முடியவில்லை என்று ஆகஸ்டில் கேட்டு வாங்கினேன். இந்த வாரமே திருப்பிக் கொடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் என்னால் உறுதி சொல்ல முடியாது.

விசில்:
நன்றி சார். ஆனால் அரையாண்டுக்கு அப்புறம்தான் ரிவிஷன் டெஸ்ட் மேல் டெஸ்ட்டாக உட்கார வைக்கிறோம். அந்த மாதங்களை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

கொடுமுடி அம்மா:
ஜனவரிச் சண்டையை அப்புறம் போடுங்கள் சார். பெஞ்சை நகர்த்தாமல் என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள், பள்ளியில் காட்டுகிறேன். பெண் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் செய்கிற மாதிரி இருக்கட்டும்.

விசில்:
சரி அம்மா. எல்லாரும் இருந்த இடத்திலேயே எழுந்து, முன் பெஞ்சை லேசாகப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கட்டும், 20 முறை. பிறகு நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் நடை. கடைசியாகத் தோளைப் பின்பக்கம் பத்துச் சுற்று. சுடிதார், ஓவர்கோட் எதற்கும் இடைஞ்சல் இல்லை, குனிய வேண்டியதும் இல்லை. முடியாத நாளில் சும்மா நின்றால் போதும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தோப்புக்கரணம் மட்டும் வேண்டாம். தண்டனையாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகள் அதை மனசு வைத்துச் செய்ய மாட்டார்கள்.