திரும்பத் திரும்ப வயிற்று வலி என்று வரும் பதின்ம வயதுப் பிள்ளைகள்: வேறு ஏதாவது இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

கேள்வி (பொதுமருத்துவன்):
குடும்ப மருத்துவராக இருக்கிறேன். 13, 14 வயதுப் பிள்ளைகள் வயிற்று வலி, தலைவலி, தூக்கமில்லை என்று அடிக்கடி வருகிறார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கும், மாத்திரை எழுதிக் கொடுப்பேன், அடுத்த மாதம் மறுபடி வருவார்கள். இதில் யாராவது அடியோ பாலியல் தொல்லையோ அனுபவிக்கிறார்களா என்று தெரிந்துகொள்வது எப்படி? கைக்குழந்தை என்றால் எக்ஸ்ரேயில் பழைய எலும்பு முறிவைத் தேடச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வயதில் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் மார்க் குறைந்தாலும் 'வயசுக் கோளாறு' என்று சொல்லிவிடுகிறோம். கூட வரும் அம்மாவோ அப்பாவோ எல்லாக் கேள்விக்கும் தாங்களே பதில் சொல்கிறார்கள். வெளியே இருங்கள் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

குழந்தைநல_டாக்டர்:
ஒருத்தரை மட்டும் வெளியே அனுப்பினால் கோபம் வரத்தான் செய்யும். எல்லோரையும் அனுப்புங்கள். காய்ச்சலுக்கு வந்தாலும் சரி, "இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவது என் வழக்கம்" என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் நகரவே மாட்டேன் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்தே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

தனியாகப் பேச 'ஹெட்ஸ்' (HEADSS, தலைப்புகளின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற கேள்வி வரிசை உதவும்: வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதை, பாலியல், தற்கொலை எண்ணம். எளிதாகப் பேசக்கூடியதில் ஆரம்பித்து கடினமானதற்குப் போகிறது, அதனால்தான் இத்தனை வருடமாக நிற்கிறது.

உடம்பில் பார்க்க வேண்டிய இடங்கள் காது, கழுத்து, மேல் கையின் உட்புறம், முதுகு, பிட்டம். விளையாடி விழுந்தால் முட்டியிலும் முழங்கையிலும்தான் பெரும்பாலும் அடிபடும். காயமும் சொல்லும் கதையும் பொருந்தாவிட்டாலோ, காயம்பட்டுப் பல நாள் கழித்துக் கூட்டிவந்தாலோ நின்று யோசியுங்கள். கழுத்தில் ஒன்றும் தெரியாமல் குரல் மட்டும் கரகரத்து, கண்ணிலோ இமையிலோ சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கழுத்தை நெரித்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும். அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யோசிக்கிற விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆலோசகர்22:
மேலே டாக்டர் சொன்னதோடு ஒன்று. தனியாக உட்கார்ந்த உடனே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். "நீ சொல்வதைப் பொதுவாக யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உதவிக்கு வேறு ஆட்களைச் சேர்க்க வேண்டியிருக்கும், அப்போது முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை அடுத்து எந்தப் பெரியவரையும் நம்பாது.

"அவன் உன்னைத் தொட்டானா" என்று நீங்களே பதிலை வாயில் ஊட்டக் கூடாது. "வீட்டிலோ வெளியிலோ யாராவது உன்னைப் பயமுறுத்துகிறார்களா, காயப்படுத்துகிறார்களா, உனக்குப் பிடிக்காததைச் செய்யச் சொல்கிறார்களா?" போதும். சொல்ல ஆரம்பித்தால் விசாரணை அதிகாரி மாதிரி தோண்டாமல் கேளுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். 'ஏன் அப்போதே சொல்லவில்லை' மட்டும் வேண்டவே வேண்டாம்.

பையன்களையும் கேளுங்கள். அவர்களிடம் இது சண்டை, கோபம், போதை என்று வெளியே வருகிறது, எல்லோரும் ஒழுக்கப் பிரச்சினை என்று முடித்துவிடுகிறார்கள். காதலன் காதலி விஷயத்தையும் மறக்காதீர்கள். நிமிடத்துக்கொரு தடவை போனைப் பார்த்துப் பதறுவது, படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டல், இதெல்லாம் இப்போது நிறைய.

பெயர்_வேண்டாம்:
நான் டாக்டர் இல்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். எங்கள் டாக்டர் நல்லவர்தான், "வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று கேட்டார், யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது. தலையாட்டினேன். தனியாகக் கேட்டிருந்தாலும் முதல் தடவையே சொல்லியிருப்பேனா தெரியாது, ஆனால் இவரிடம் சொல்லலாம் என்றாவது தெரிந்திருக்கும். கையில் கீறிக்கொண்டதைப் பார்த்துத் திட்டாதீர்கள், தயவுசெய்து.

செவிலியர்_அக்கா:
பாலியல் வன்கொடுமை என்றால் நேரம் முக்கியம் டாக்டர். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை. பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள், பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் தடயமே இருக்காது. கன்னித்தன்மைப் பரிசோதனை என்று எதுவும் அறிவியலில் கிடையாது. அதை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2018இல் அறிவித்துவிட்டது.

பொதுமருத்துவன்:
நன்றி எல்லோருக்கும். சந்தேகம் மட்டும் இருக்கிறது, பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை என்றால்?

குழந்தைநல_டாக்டர்:
நிரூபிப்பது நம் வேலை இல்லை. பல நாடுகளில் நியாயமான சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும் என்பதுதான் சட்டம், உங்கள் ஊர்ச் சட்டத்தை இன்றே படித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு இல்லாத வெறும் உறுத்தல் என்றால் காரணம் சொல்லிச் சீக்கிரமே மறுபடி வரச் சொல்லுங்கள், அனுபவமுள்ள ஒருவரிடம் கலந்து பேசுங்கள். ஒன்று மட்டும், சந்தேகப்படும் ஆளைக் கூப்பிட்டு நீங்களே கேட்டுவிடாதீர்கள், அடி அன்று ராத்திரி அந்தப் பிள்ளைக்குத்தான் விழும்.