சன்னல் சட்டத்தில் ஓர் அஞ்சறைப்பெட்டி

பழைய மரத்தில் பரிசுப் பொருள்கள் செய்யும் உறுப்பினர்கள் இருவரின் அனுபவங்கள் இவை.

அம்பத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் வேலை செய்யும் தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டு இயந்திர பாகங்களைச் சுமந்துவரும் மரப் பேலட்டுகளை (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளை) பிரித்துத்தான் ஏழு ஆண்டுகளாகப் பரிசுப் பொருள்கள் செய்கிறேன். புதுமனைப் புகுவிழா என்றால் என்னிடமிருந்து சாவி மாட்டும் பலகைதான் வரும் என்பது நண்பர்களுக்கு இப்போது பழகிவிட்டது. பலகையில் உள்ள முத்திரையைப் பார்க்காமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. எச்.டி. என்றிருந்தால், பூச்சிகள் அழியும்படி மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையிட்ட மரம். அதை அங்கேயே விட்டுவிடுவேன்.

காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊரில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கு நிலைகளும் தூண்களும் நல்ல விலைக்குப் போய்விடும். என்னைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது உடைந்த சன்னல் சட்டங்களும் முழ நீளத் துண்டுகளும்தான். அத்தையின் வீட்டை இடித்தபோது, விறகுக்கென்று ஒதுக்கிய குவியலிலிருந்து இரண்டு சட்டங்களை எடுத்துவந்து, அவருக்கே ஓர் அஞ்சறைப்பெட்டி செய்து கொடுக்கலாம் என்று தொடங்கினேன்.

முதல் நாளே இழைப்புளியின் அலகு போயிற்று. தலை மழுங்கி மரத்துக்குள் புதைந்திருந்த ஆணி கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு காந்தத்தைத் தடவிப் பார்க்காமல் எந்தப் பழைய மரத்திலும் நான் கைவைப்பதில்லை. மேலே இருந்த பச்சைப் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்க்கவில்லை, ஏனென்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டி எடுத்த பிறகு இழைத்தபோது, உள்ளிருந்து பொன்னிறச் சுருள்கள் எண்ணெய் வாசனையோடு வந்து விழுந்தன.

பெட்டியின் உட்புறத்துக்கு எதுவும் பூசவில்லை. வெளிப்புறத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயை மூன்று முறை, இடையிடையே பல நாள் காயவிட்டுத் தடவினேன். (அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுவதே பாதுகாப்பு.)

தவறு செய்தது மூடியில். தள்ளித் திறக்கும் மூடி ஓடுவதற்கு இருபுறமும் காடி (நீளப் பள்ளம்) எடுத்தபோது, தேக்கு அதிகம் ஊறாது என்ற நம்பிக்கையில், சித்திரை வெயிலில் காய்ந்திருந்த பலகையை இம்மியும் இடம்விடாமல் பொருத்தினேன். ஈரக் காற்றில் மரம் நீளவாட்டில் கூடுவதில்லை, அகலவாட்டில்தான் கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கச்சிதமாக வர வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஐப்பசி மழையில் அத்தையிடமிருந்து தொலைபேசி வந்தது: "ஏன்டா, அந்த வீட்டுச் சன்னல் மாதிரியே இதுவும் மழைக்குத் திறக்க மாட்டேங்குதே!"

நேரில் போய் மூடியின் ஓரத்தை அரை மில்லிமீட்டர் இழைத்துக் கொடுத்தேன். இப்போது கோடையில் மூடி தளர்ந்து, பெட்டியைச் சாய்த்தால் வழுக்கி விழுகிறது என்று ஒரு ரப்பர் வளையம் மாட்டிவைத்திருக்கிறார். அதைக் கழற்றுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை.