மறு: மோனோகுளோனல் ஆன்டிபாடிக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம்.

ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், கிருமியின் ஒரு பகுதியில் போய் ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதம். ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் சுரப்பது மோனோகுளோனல், பல செல்கள் சுரப்பவை கலந்தது பாலிகுளோனல். மோனோகுளோனலுக்குத் தமிழில் இதுவரை முன்வைக்கப்பட்டவை மூன்று: ஒற்றைநகல் எதிர்ப்பொருள், ஓரின எதிர்ப்பொருள், தனிக்குறி எதிர்ப்பொருள். டெங்கு வைரஸைக் கண்டறியும் வேலையில் வைத்துப் பார்த்தால் மூன்றுமே இடறுகின்றன. அதிகம் ஏமாற்றுவது 'தனிக்குறி'. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டெங்கு ஆய்வகங்களில் நாள்தோறும் புழங்கும் எதிர்ப்பொருள் 4ஜி2. அது மோனோகுளோனல்தான். ஆனால் டெங்கு வகை நான்கையும் பிடிக்கும். ஜிகா, வெஸ்ட் நைல், மஞ்சள் காய்ச்சல் வைரஸ்களையும் பிடிக்கும். வைரஸின் மேலுறையில் உள்ள ஈ புரதத்தில், செல்லோடு இணைய உதவும் வளையம் ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் அடங்கிய ஃபிளேவிவைரஸ் குடும்பம் முழுக்க அந்த வளையம் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் 4ஜி2 எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. மாறாக 3எச்5 டெங்கு-2ஐ மட்டும் பிடிக்கும். இரண்டும் ஒரே முறையில் உருவானவை. ஆக, 'மோனோகுளோனல்' என்பது எதைப் பிடிக்கும் என்பதைச் சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது. 'தனிக்குறி' என்று எழுதிவிட்டால், ஒளிர்சாயத்தால் 4ஜி2 ஒளிர்ந்ததைப் பார்த்த மாணவர் குறிப்பேட்டில் 'டெங்கு உறுதி' என்று எழுதிவிடுவார். அதன் பிறகு 15எஃப்3, 3எச்5, 5டி4, 1எச்10 என்று டெங்கு-1 முதல் 4 வரை தனித்தனியாக வகை பார்க்க வேண்டும் என்பதே விட்டுப்போகும்.

'ஒற்றைநகல்' என்றால் ஒரே ஒரு நகல் என்று பொருள்படும். குப்பியில் இருப்பதோ கோடானுகோடி நகல்கள். 'ஓரின' என்றால் ஒரே உயிரினத்தில் எடுத்தது என்றாகிவிடும். ஒரே முயலின் சீரத்தில் உள்ள பாலிகுளோனலும் அப்படிப் பார்த்தால் ஓரினந்தான்.

என் முன்மொழிவு: ஒருதாய் எதிர்ப்பொருள். பாலிகுளோனலுக்குப் பலதாய் எதிர்ப்பொருள். தாய்செல், சேய்செல் ஏற்கெனவே பாடநூலில் இருப்பவை. இலங்கையில் பிறபொருளெதிரி என்பார்கள். 'ஒருதாய்ப் பிறபொருளெதிரி' என்று அங்கும் பொருந்தும்.

———

> என் முன்மொழிவு: ஒருதாய் எதிர்ப்பொருள்

ஐயா, 'தனிக்குறி' பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோலவா இருக்கிறார்கள்? மோனோகுளோனலின் பயனே ஒவ்வொரு மூலக்கூறும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதுதான். 'ஒருதாய்' தோற்றத்தைச் சொல்கிறது, ஒருமையைச் சொல்லவில்லை.

குளோன் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். சிறுகிளை என்று பொருள். 1903இல் வெப்பர் என்ற தாவரவியலாளர், கிளையை வெட்டியும் ஒட்டியும் பெருக்கிய செடிகளைக் குறிக்கத்தான் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் தோட்டத்தில் அதற்குச் சொல் இருக்கிறது: பதியன். மாங்கொட்டையை ஊன்றினால் என்ன பழம் வரும் என்று சொல்ல முடியாது. மல்லிகையைப் பதியன் போட்டால் தாய்ச்செடியேதான் வரும். அதனால் ஒருபதியன் எதிர்ப்பொருள், பலபதியன் எதிர்ப்பொருள்.

ஆய்வக வேலையின் படிகளும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மோனோகுளோனல் உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்த கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கேம்பிரிட்ஜில் செய்தது முதலில் ஓர் ஒட்டு, பிறகு ஒரு பதியன். நோயெதிர்ப்பு ஏற்றிய சுண்டெலியின் மண்ணீரல் செல்லையும் மையலோமா என்ற புற்றுநோய்ச் செல்லையும் இணைக்கிறோம். இன்று பெரும்பாலும் அதற்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் பயன்படுகிறது. இது ஒட்டு, ஹைப்ரிடோமாவை ஒட்டுச்செல் எனலாம். பிறகு ஹாட் ஊடகம், அதாவது ஒட்டுச்செல்லை மட்டும் வாழவிடும் வளர்ப்புக் கரைசல். இணையாத மையலோமா அதில் மடியும், ஏனென்றால் அதிலுள்ள அமினோப்டெரின் டி.என்.ஏ. உருவாக்கும் ஒரு வழியை அடைக்கிறது, மாற்று வழிக்கான நொதி அதற்கு இல்லை. இணையாத மண்ணீரல் செல்கள் சில நாளில் தாமாகவே மடியும். எஞ்சுவது ஒட்டுச்செல் மட்டும்.

பதியன் அதற்கு அடுத்த படி. 96 குழித் தட்டில் குழிக்கு ஒரு செல் என்ற சராசரியில் ஊற்றினால், செல் விழுந்த குழிகளில் நூற்றுக்கு 42இல் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். 0.3 என்ற சராசரிக்கு நீர்த்தால் சுமார் 25 குழிகளில்தான் வளர்ச்சி தெரியும். அவற்றில் 21 ஒற்றைச் செல்லில் தொடங்கியவை. மீதி மூன்று நான்கு கலப்பு. அதனால்தான் இன்னொரு முறை பதியன் போட வேண்டும். போடாமல் விட்டால், எதிர்ப்பொருள் சுரக்காத செல்கள் வேகமாக வளர்ந்து சுரப்பவற்றை மூழ்கடித்துவிடும். எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் அளக்கும் எலிசா சோதனையின் அளவு வாரத்துக்கு வாரம் இறங்குவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

———

இருவருக்கும் நன்றி. பதியனுக்கு என் வாக்கு. வினையாகவும் வருவதுதான் அதன் பலம்: 'பதியன் போடு', 'மறுபதியன் போடு'. 'ஒருதாய்' என்பதை அப்படி வினையாக்க வழியில்லை. செல்வழிகளுக்கும் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களுக்கும்) பொருந்துகிறதா என்று சி6/36ஐ வைத்துப் பார்த்தேன். புனேயில் 1967இல் சிங் உருவாக்கிய ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுச் செல்வழியிலிருந்து, டெங்கு நன்றாகப் பெருகும் ஒரு குளோனை 1978இல் இகராஷி பிரித்தெடுத்தார். 'சிங் செல்வழியின் பதியன்' என்று எழுதினால் கச்சிதமாக இருக்கிறது.

செய்முறைக் குறிப்பாக எழுதிப் பார்த்தேன். உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது?

'வைரஸ் ஏற்றி 28 டிகிரியில் ஏழு நாள் வைத்த சி6/36 செல்களைக் கண்ணாடிச் சில்லின் வட்டங்களில் இட்டு உலர்த்துக. ஏற்றாத செல்களையும் அதே சில்லில் ஒரு வட்டத்தில் இடுக. -20 டிகிரி அசிட்டோனில் 10 நிமிடம் நிலைப்படுத்துக. பிளாஸ்டிக் குழித்தட்டில் இதைச் செய்யாதீர். பாலிஸ்டைரீன் கரைந்து அடிப்பகுதி வெண்மையாகிவிடும். ஒருபதியன் எதிர்ப்பொருளை இட்டு ஈரப்பெட்டியில் 37 டிகிரியில் 30 நிமிடம் வைக்க. வட்டம் உலர்ந்தால் விளிம்பு பொய்யாக ஒளிரும். பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை கழுவி, ஒளிர்சாயம் பிணைத்த சுண்டெலி-எதிர் எதிர்ப்பொருளை இடுக. அது பலபதியன், அப்படியே இருக்கட்டும். முதல் எதிர்ப்பொருளைப் பல இடங்களில் பிடிப்பதால் ஒளி பெருகும்.'

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் சொற்கள் உண்மையில் உழைக்கின்றன. ஒருபதியன் ஒரே பிடிப்பிடத்தை, அதாவது எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்தை, நம்பியிருக்கிறது. அந்த இடத்தின் வடிவம் குலைந்தால் எல்லாம் போச்சு. புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் மெர்காப்டோஎத்தனால் சேர்த்தால் ஈ புரதத்தின் கந்தகப் பிணைப்புகள் ஆறும் அறுந்து, 4ஜி2 பட்டை மங்கும் அல்லது மறையும். வைரஸ் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அதைச் சேர்க்காமல் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பலபதியனில் ஒரு பிடிப்பிடம் போனாலும் வேறு சில நிற்கும்.

இன்னும் ஒன்று. குப்பிமேல் ஒட்டும் சீட்டுக்கு 'ஒ.ப.எ.' என்ற சுருக்கம் போதும். ஆனால் அதன் பக்கத்தில் கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருக்கிறதா என்பதையும் தமிழில் எழுதுவோம். அசைடு கலந்த குப்பியை பெராக்ஸிடேஸ் என்ற நொதியால் நிறம் வரவைக்கும் எலிசாவில் நொதி சேர்க்கும் படியில் பயன்படுத்தினால் நொதி முடங்கி, தட்டு முழுக்க நிறமே வராது. 'எபிடோப்'புக்கு நான் மேலே எழுதிய 'பிடிப்பிடம்' தற்காலிகமானது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.