மறு: [கலைச்சொல்] ரெயின் சென்சிங் வைப்பர்: மழையுணரியா, துளியுணரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கண்ணாடியில் நீர் பட்டதும் தானே ஓடும் கார் வைப்பரில், அந்த நீரை உணரும் கருவிக்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "மழையுணரி ஏற்கெனவே புழங்குகிற சொல். எல்லோருக்கும் புரிகிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?"

தில்லி ஐயாவின் இந்தக் கேள்விக்கு மதிப்புடன் ஒரு மறுப்பு. ஐயா, அந்தக் கருவிக்கு மழை தெரியாது.

போன ஜூலையில் ஒரு மாலை மும்பை மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை வழியாக வந்துகொண்டிருந்தேன். மழை விட்டு அரை மணி இருக்கும். கடல் ஏற்றத்தில் இருந்தது. அலை சுவரில் மோதி எழும்பிச் சாலையில் கொட்டியது. உப்புத் தண்ணீர் கண்ணாடியில் பட்டதும் என் வண்டியின் வைப்பர் தானே ஓடியது. சயான்-பன்வேல் சாலையில் முன்னால் போகும் லாரி குட்டைத் தண்ணீரை வாரி இறைத்தாலும் இதேதான். வானத்தில் மேகமே இல்லாவிட்டாலும் ஓடும்.

காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. ஓட்டுபவர் பின்பக்கம் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டி ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து அகச்சிவப்பு ஒளி 45 பாகை சாய்வில் கண்ணாடிக்குள் போகிறது. வெளியே காற்று மட்டும் இருந்தால் மாறுநிலைக் கோணம் (இதைத் தாண்டிச் சாய்ந்த ஒளி கண்ணாடியை விட்டு வெளியேற முடியாது) ஏறத்தாழ 42 பாகை. ஆகவே 45 பாகையில் வரும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து பெட்டிக்கே திரும்பிவிடும். அந்த இடத்தில் ஒரு துளி நீர் உட்கார்ந்தால் மாறுநிலைக் கோணம் 62 பாகைக்கு ஏறிவிடுகிறது. 45 பாகை ஒளிக்கு இப்போது தடை இல்லை, துளி வழியாக வெளியே நழுவிவிடும். திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வேகமாகத் துடைக்கச் சொல்லி உத்தரவு போகிறது. பள்ளியில் பட்டகத்தை வைத்துப் படித்த பாடம்தான். அதைக் காரில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எக்ஸ்பிரஸ்வேயில் கல் பட்டு என் முன்கண்ணாடியை மாற்ற வேண்டி வந்தது. மாற்றிய பணிமனையில் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கும் ஜெல் பட்டையைக் காற்றுக் குமிழியோடு ஒட்டிவிட்டார்கள். அதன்பின் நல்ல வெயிலில் வைப்பர் ஓடியது, தூறலில் சும்மா கிடந்தது. கருவி பார்ப்பது ஒளியின் கணக்கை. அந்தக் கணக்கைக் குமிழி கெடுத்துவிட்டது. மறுபடி பிரித்துப் புதுப் பட்டை வைத்தபிறகே சரியானது.

ஆகவே என் பரிந்துரை துளியுணரி. மழைத்துளி, அலைத்துளி, லாரி தெறிக்கும் துளி எல்லாம் அதில் அடங்கும். ஐயா, உங்கள் தில்லியில் ஜனவரிக் காலையில் கண்ணாடியில் படியும் பனித்துளியும் அடங்கும். அன்று மழையா பெய்கிறது?

> "தொட்டாற்சுருங்கி மாதிரி 'நனைந்தால்துடைப்பி' என்று வைக்கலாமே?"

பெங்களூருத் தம்பி, படித்ததும் அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. செடிக்குப் பெயர் வைத்த அதே நுட்பம். ஆனால் முறைப்படி புணர்த்தினால் 'நனைந்தாற்றுடைப்பி' ஆகிவிடும். ஆற்றைத் துடைப்பது போலப் படிக்கிறது. புணர்க்காமல் விட்டால் இலக்கணம் அறிந்தவர்கள் விடமாட்டார்கள். மனமில்லாமல்தான் தள்ளிவைக்கிறேன்.

இன்னொன்று. இந்த இழையில் மூன்று பொருள்களை ஒரே சொல்லால் சுட்டிக்கொண்டிருக்கிறோம். உணர்வது ஒன்று, துடைப்பது ஒன்று, இரண்டையும் இணைத்து ஓட்டும் நிலை ஒன்று. துடைப்பான் எதையும் உணர்வதில்லை. அதனால் 'மழையுணர் துடைப்பான்' இரண்டு வகையிலும் பிழை. பெட்டிக்குத் துளியுணரி, ரப்பர் வைத்த கைக்குத் துடைப்பான், ஸ்டியரிங் பக்கத்துப் பிடியில் ஆட்டோ என்று எழுதியிருக்கும் நிலைக்குத் தன்துடைப்பு. இடைவெளி விட்டு ஓடும் இண்டர்மிட்டண்ட் நிலைக்கு 'இடைவிட்ட' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'விட்டுவிட்டுப் பெய்யுது' என்று நாம் சொல்வதில்லையா? விட்டுவிட்டுத் துடைப்பு போதும்.

தன்துடைப்பு உள்ள கார் வாங்கலாமா என்று தாணேயிலிருந்து கேட்ட அக்காவுக்கு: இதற்காகவென்றே கூடுதல் பணம் கொடுத்து, அதே காரில் வசதி கூடிய மேல் வேரியண்ட் எடுக்க வேண்டாம். மும்பையில் கொட்டும்போது எப்படியும் கையாலேயே முழு வேகத்தில் வைப்பீர்கள். எட்டு மாதம் தூசிதான். மழைக்காலம் முடிந்ததும் தன்துடைப்பை அணைத்துவிடுங்கள். உலர்ந்த தூசிமேல் ரப்பர் ஓடினால் கண்ணாடியில் கீறல் விழும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்துக்குப் போகும்போதும் அணைத்துவிடுவது நல்லது. ஆனால் என்னைப் போல் வாராவாரம் புணேக்கு ஓட்டுபவர் என்றால் என் பதில் வேறு. மலைச்சாலையில் மழை, சுரங்கத்துக்குள் உலர்வு, வெளியே வந்தால் மறுபடி மழை. பக்கத்தில் கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு வரும்போது, கை ஸ்டியரிங்கை விட்டு விலகாமல் வைப்பர் தானே நின்று தானே ஓடுவது பெரிய நிம்மதி. மலைமேல் மேகம் இறங்கினால் மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் துமி மிக நுண்ணியது, பெட்டி பார்க்கும் பரப்போ ஒரு தபால்தலை அளவு. கண்ணாடி முழுக்க மங்கியபின்னும் அது பேசாமல் இருக்கும்.

ஒரு சொல் மட்டும் கிடைக்கவில்லை. துளியுணரி எத்தனை துளிக்கு விழித்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் திருகு வளையம் பிடியில் இருக்கிறதே, அதற்கு என்ன வைக்கலாம்? 'உணர்திறன்' சரிதான், வளையத்தோடு சேர்த்தால் நீண்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொன்னால் நம் கலைச்சொல் பட்டியலில் எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து